இரண்டின் மேல் ஒட்டிய பொட்டு

நூர் நிஷாவுக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். எழுத்துக்கூடப் படிப்பாள். பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. தாராவிச் சந்துகளில் நடக்கும்போது வாசலில் வைத்திருக்கும் தண்ணீர் டிரம்மில் முட்டியை இடித்துக்கொள்வாள். வெளிச்சம் மங்கினால் எதிரே இருப்பதும் போய்விடும். கடையநல்லூரில் அவளுடைய உம்மாவின் தம்பிக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அவரைக் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டியிருந்தது. உம்மா வீட்டில் யாராவது அந்த மாமாவின் பேச்சை எடுத்தால், நிஷா ஏதோ அடுப்பில் இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள்.

செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் துண்டுச் சீட்டுகளை டெக்னீஷியன் வேல்ராஜ் ஒவ்வொன்றாக வாசிப்பான். அவள் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுவாள். ஏற்றிச் சேமித்தவுடன் ரிப்போர்ட் நோயாளியின் வாட்ஸப்புக்குத் தானாகப் போய்விடும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் அவளுக்குப் பயம் குறையும். கீபோர்டைப் பார்க்கத் தேவையில்லை. எஃப், ஜே இரண்டின் கீழ்ப்பக்கமும் மெல்லிய மேடு இருக்கும். வலப்புறம் எண்கள் இருக்கும் இடத்தில் ஐந்தின் மேல் இன்னொன்று. ஆள்காட்டி விரல்கள் அந்த மேடுகளைத் தொட்டதும் மற்ற விரல்கள் தம் தம் இடத்துக்குத் தாமே போய்விடும்.

அந்த மேடுகளைப் பற்றி ஒருநாள் அவளுடைய கணவன் தௌசீப்பிடம் கேட்டிருக்கிறாள். அவன் சயானில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். குவியலுக்குள்ளிருந்து மஞ்சளடித்துப்போன ஒரு பழைய கீபோர்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"கண்ணை மூடிக்கிட்டு அடி பாப்போம்."

அவள் மேடுகளைத் தடவிப் பிடித்துத் தன் பெயரை அடித்தாள். அவன் சிரித்தான். அதில் மேடு எஃப், ஜேயில் இல்லை. டி, கேயில் இருந்தது. விரலெல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"எவன் இப்படி வச்சான் மச்சான்?"

"இத செஞ்ச கம்பெனிக்காரன் கணக்கு அப்படி. நடுவிரலுக்கு அடையாளம் வச்சா போதும்னு நெனச்சிருக்கான். மொதல்ல ஆளாளுக்கு ஒரு எடத்துல வச்சாங்க. சில பேரு மேடு வைக்கல, அந்த ரெண்டு கட்டைய மட்டும் குழியா வார்த்தாங்க. பொறவு எல்லாருமே எஃப், ஜேக்கு வந்துட்டாங்க. டைப்ரைட்டர் காலத்துல அதுவும் கெடையாது."

டைப்ரைட்டர் விஷயம் அவளுக்கே தெரியும். மாட்டுங்காவில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் அவள் பழைய மெஷினில்தான் படித்தாள். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று பக்கம் பக்கமாக அடித்த நாட்கள். கட்டைகளைப் பார்த்து அடித்தால் அவள் கையின் மேல் மாஸ்டர் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுவார். பக்கத்து மெஷின் ஷாலினி அதற்கு ஒரு வழி கண்டாள். தன் நெற்றியிலிருந்த கல் பொட்டை எடுத்து நிஷாவின் மெஷினில் எஃப்பின் மேல் ஒட்டினாள், இன்னொன்றை ஜேயில். அட்டைப்பெட்டிக்குள் நிஷாவின் விரல் முதன்முதலாக இடம் தெரிந்து நின்றது அன்றைக்குத்தான்.

இந்த ஜூலையில் மழை விடாமல் அடித்தது. பரிசோதனைக் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலாளி எல்லாக் கீபோர்டுக்கும் சிலிக்கான் உறை வாங்கிப் போட்டார். பால் நிறத்தில் தடிமனான உறை. அதன் மேல் தடவினால் எஃப்பும் ஒன்றுதான், எம்மும் ஒன்றுதான்.

முதல் நாள் அவள் மிகவும் திணறினாள். ஒவ்வொரு வரிக்கும் குனிந்து முகத்தைக் கட்டைக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. மங்கலான உறைக்கு அடியில் எழுத்துகள் நீந்துவதுபோல இருந்தன. வேல்ராஜ் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லயா?"

"கழுத்து வலி, தம்பி."

அன்று வீட்டுக்குப் போகும்போது ரயிலில் பெண்கள் பெட்டியில் கிளிப்பும் வளையலும் விற்றுக்கொண்டு வந்த பெண்ணிடம் ஒரு அட்டை கல் பொட்டு வாங்கினாள். பர்தா போட்ட பெண் பொட்டு வாங்குவதை அந்தப் பெண் ஒரு விநாடி பார்த்தாள்.

மறுநாள் காலையில் நிஷா எல்லோருக்கும் முன்னால் வந்தாள். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. ட்யூப்லைட் எரிவதும் அணைவதுமாக இருந்தது. எஃப், ஜே இரண்டையும் அடித்துப் பார்த்து, திரையில் எழுத்து சரியாக வந்ததும் பொட்டை ஒட்டினாள். ஐந்துக்கு வரும்போது படிக்கட்டில் வேல்ராஜின் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன ஒட்டுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் நின்ற இடம் நடுக்கட்டை என்று நம்பி, பொட்டை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

வேல்ராஜ் வந்து ரத்தக் குழாய்களை மெஷினில் வைத்தான். சீட்டுகள் வர ஆரம்பித்தன.

"முதல்ல அர்ஜென்ட் ஒண்ணு இருக்குக்கா. பிரம்மநாயகம். பொட்டாசியம் மட்டும். ஆறு புள்ளி எட்டு."

புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்ளும். நிஷா நடுவிரலைப் பொட்டின் மேல் வைத்து ஆறையும் எட்டையும் அடித்தாள். அவளுடைய கண் பெயரையும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் சரி. சேமித்தாள். அளவு மிஞ்சினால் திரையில் சிவப்புக் கட்டம் வரும், அன்று வரவில்லை. அதை அவள் யோசிப்பதற்குள் வேல்ராஜ் அடுத்ததை வாசித்தான்.

அடுத்த இரண்டு மூன்று பேருக்கு ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி என்று, உண்டு இல்லை என எழுத்தில் வரும் முடிவுகள். எண்ணே இல்லை. அவற்றை முடித்தபோது வேல்ராஜ் தேநீர் வாங்கப் போய் வந்தான். அதன் பிறகுதான் ஒரு சர்க்கரை வந்தது.

"நூத்திப் பன்னெண்டு."

அடித்தாள். கம்ப்யூட்டர் கீச்சென்றது. திரையைப் பார்த்தாள். மூன்று பூஜ்யம்.

மறுபடி அடித்தாள். மறுபடி மூன்று பூஜ்யம். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து முகத்தைக் கீழே கொண்டுபோய், மொபைலின் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பொட்டு ஐந்தின் மேல் இல்லை. இரண்டின் மேல் இருந்தது.

சில நொடிகள் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விரல்கள் தாமாகவே நகர்ந்து பார்த்தன. ஒரு வரிசை கீழே. எட்டு அடித்தால் ஐந்து. ஆறு அடித்தால் மூன்று.

பிரம்மநாயகத்தின் பக்கத்தைத் திறந்தாள். மூன்று புள்ளி ஐந்து. இயல்பு நிலை. அனுப்பப்பட்டது. அதன் பக்கத்தில் இரண்டு நீல டிக்.

வேல்ராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேல்ராஜ், பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டுன்னா என்ன ஆகும்?"

"நெஞ்சு டக்குனு நின்னுரும்க்கா. வலி கிலி எதுவும் சொல்லாது. அதான் வந்தா உடனே டாக்டருக்குப் போன் போடச் சொல்லுதாங்க. ஏன், செவப்பு வரலயா?"

அவள் எண்ணைத் திருத்தினாள். இப்போது கட்டம் சிவந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. திருத்திய ரிப்போர்ட் போய்விடும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொட்டை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. அவள் சேமித்தாள். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காகக் காத்திருந்தாள். விழவில்லை. அந்தப் பக்கத்து மொபைல் அணைந்திருக்க வேண்டும்.

அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு மனிதர் தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வேல்ராஜ், நான் தப்பா ஏத்திட்டேன். ஆறு எட்ட, மூணு அஞ்சுன்னு அனுப்பிட்டேன்."

அவன் துணியைக் கீழே போட்டான். "எப்படிக்கா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ரொம்ப நாளா. தடவித்தான் அடிக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான், கீபோர்டைப் பார்த்தான், மின்னிய பொட்டுகளைப் பார்த்தான். மொபைலை எடுத்தான். பிரம்மநாயகத்தின் மொபைல் அணைந்திருந்தது. பரிசோதனைக் கூடத்தின் டாக்டர் அன்று வேறு கிளையில் இருந்தார், அவரைப் போனில் பிடித்தான். அவன் பேசுவதை நிஷா நின்றபடியே கேட்டாள். ஜி சார், ஜி சார் என்று மட்டும் சொன்னான்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமாம். ஆள் அனுப்பச் சொல்லுதாரு. நான் போனா மெஷினப் பாக்க ஆளில்ல. அட்ரஸ் தாராவி, தொண்ணூறடி ரோடு. முறுக்குக் கம்பெனின்னு போட்டிருக்கு."

"நான் போறேன்."

"உங்களுக்குத்தான் கண்ணு..."

"என் ஏரியாதான்" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்தாள்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும்தான் தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது. பகல்தான், ஆனால் மழை வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுநரின் கழுத்து மட்டும்தான். வழியெல்லாம் அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். மொபைல் அணைந்திருக்கிறது என்று அதே பெண்குரல் மராட்டியில் திரும்பத் திரும்பச் சொன்னது.

சயானில் பழைய பாலத்தை இடித்துப் போட்டிருந்ததால் வண்டிகள் நகரவில்லை. அவள் இறங்கினாள். ரயில் பாதைக்கு மேலே நடைபாலம் ஒன்றுதான் வழி. படிகள் எங்கே தொடங்குகின்றன என்பது தெரியவில்லை. கைப்பிடியைத் தேடி இரும்பைப் பற்றிக்கொண்டாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. "அரே, சலோ நா" என்று யாரோ நகரச் சொல்லி எரிந்து விழுந்தார்கள். மேலே ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது அடுத்த படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. முழங்கால் தரையில் மோதியது. ஒரு பழக்கூடைக்காரி அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினாள். வலி தெரியவில்லை. இதற்குள் அவர் இறந்திருப்பாரா என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தாராவிக்குள் வந்ததும் அவள் வெட்கத்தை விட்டுவிட்டாள். கண்டவரிடமெல்லாம் கேட்டாள். "முறுக்குக் கம்பெனி பிரம்மநாயகம் அண்ணாச்சி வீடு எங்கே இருக்கு?" ஒருவர் இடப்பக்கம் என்றார். இன்னொருவர் கோவிலைத் தாண்டி என்றார். சாக்கடை மூடியில் தட்டி, தொங்கிய ஈரத்துணியில் முகம் மோதி, சுவரைத் தடவிக்கொண்டே போனாள். கடைசியில் எண்ணெய் வாசனைதான் வழி காட்டியது.

பட்டறைக்குள் பெண்கள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெரியவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். அவர் மடியில் வெட்டிய இளநீர். பக்கத்தில் இரண்டு வாழைப்பழத் தோல்.

"பிரம்மநாயகம் அண்ணாச்சிதானே?"

"ஆமா. யாரும்மா நீ? நனஞ்சு வந்திருக்க."

"லேபுலேருந்து வாரேன். அண்ணாச்சி, அத வையுங்க. அத குடிக்காதிய."

அடுப்பருகிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவருடைய மகள் முத்துமாரி. "என்ன விஷயம்? ரிப்போர்ட்டுதான் வந்துட்டே. நார்மல்னு போட்டிருக்கு. கிட்னி சரியில்லன்னு ஆறு மாசமா எளநி, பழம் எதுவும் கூடாதுன்னு வச்சிருந்தோம். இன்னைக்குத்தான் குடுத்தேன். ஆசையாக் கேட்டாரு."

"அந்த ரிப்போர்ட் தப்பு. பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு, எளநி இன்னும் ஏத்திரும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சரியானத அனுப்பியிருக்கோம், உங்க மொபைல் ஆஃப்ல இருக்கு."

"கரண்ட் இல்ல, சார்ஜ் போயிட்டு" என்றாள் முத்துமாரி. அவள் முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அப்பாவிடம் திரும்பினாள். "ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. காலுதான் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. காலையிலேருந்து." எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார். கால் தனக்குச் சொந்தமில்லாததுபோல அதைப் பார்த்தார்.

அதன் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு ஆட்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓடினார்கள். முத்துமாரி குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். நிஷா அவளுடைய புடவையின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்தாள். அந்த மஞ்சள் மறைந்தால் தானும் எங்காவது விழுந்து கிடப்போம் என்று பயந்தாள்.

சயான் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி வரைபடம் எடுத்தார்கள். அதைப் பார்த்த இளம் டாக்டர் ஓடினார். ஊசி மேல் ஊசி போட்டார்கள். டயாலிசிஸ் என்றார்கள். திரைச்சீலை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து மெஷினின் கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அது சில சமயம் சீராக வந்தது, சில சமயம் தடுமாறியது. தடுமாறிய போதெல்லாம் நிஷா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நடைவழியில் முத்துமாரி அவள் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தப்ப யாரு பண்ணா?"

பழியை வேல்ராஜ் மேலேயோ மெஷின் மேலேயோ போடலாம். முத்துமாரிக்கு அது தெரியப் போவதில்லை.

"நான்தான். எனக்குப் பார்வை கொறஞ்சுக்கிட்டு வருது. வேல போயிரும்னு மறைச்சேன். எண்ண அடிக்கதுக்கு அடையாளமா பொட்டு ஒட்டுனேன். எடம் மாறிப் போச்சு."

முத்துமாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி மாறியது என்று நிஷா பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க கையாலேயே எளநி குடுக்க வச்சிட்டிய" என்றாள் முத்துமாரி. குரல் உயரவில்லை. பிறகு எழுந்து போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நிஷா இருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பொட்டாசியம் இறங்கிவிட்டது, இருதயம் சீராகிவிட்டது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். முத்துமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிஷா பெஞ்சிலேயே உட்கார்ந்து, யா அல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தௌசீப் கடையை மூடிவிட்டு வந்தான். வேல்ராஜ் சொல்லியிருந்தான். முழங்காலில் உறைந்த ரத்தத்தைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தன நாளா?"

"சபா பொறந்ததுக்கு அப்புறம்."

சபா அவர்களுடைய மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க மாமாவ நீங்க பாத்ததில்ல. அவருக்கும் இப்படித்தான் கண்ணு போச்சு. நம்ம நிக்காவுக்குக்கூட அவர எங்க வீட்டுல கூப்பிடல. வந்தா உங்க வீட்டுல கேப்பாவ, பொண்ணுக்கும் இப்படி வருமான்னு. ஒரு வாரம் அவர வேற வீட்டுல கொண்டுபோய் வச்சிருந்தாவ. அவருக்கும் தெரியும், எதுக்குன்னு."

தௌசீப் தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்போ சபாவுக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் அவள் இத்தனை வருஷமும் தனக்குள் வர விடாமல் வைத்திருந்தாள். கண்ணைப் பற்றி, வேலையைப் பற்றி, மாமியாரைப் பற்றியெல்லாம் பயந்தாள். இதற்குப் பக்கத்தில் மட்டும் போகவே இல்லை.

வேலை போயிற்று. முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார். உறைகளைக் கழற்றிவிட்டதாகவும், டாக்டர் பார்க்காமல் இனி எந்த ரிப்போர்ட்டும் போகாது என்றும் வேல்ராஜ் செய்தி அனுப்பினான். பிரம்மநாயகம் வீடு திரும்பினார். முத்துமாரி அதைச் சொல்லக் கூப்பிட்டாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மன்னித்தாளா இல்லையா என்பது அவள் பேச்சில் தெரியவில்லை.

மாட்டுங்காவில் ஒரு கண் மருத்துவரிடம் தௌசீப் நிஷாவையும் சபாவையும் கூட்டிப் போனான். நிஷாவுக்கு அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஓரப் பார்வை போனது திரும்பாது. நடுப்பார்வை இன்னும் பல வருஷம் நிற்கலாம். பரம்பரையாக வருவது. பிறகு சபாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நிஷா வெளியே திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து பொத்தானின் சத்தம் கேட்டது. டக். டக். பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. ஒளி வரவில்லையா, வந்தும் குழந்தைக்குத் தெரியவில்லையா? டக். மறுபடி நிசப்தம். செம்பூரிலிருந்து தாராவி வரை மழையில் தடவிக்கொண்டு போனபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

சபா வெளியே வந்தாள். "உம்மா, சில லைட்டு ரொம்ப மங்கலா இருந்துச்சு. விட்டுட்டேனோ என்னமோ."

மருத்துவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மங்கல் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். பெண்ணுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை; வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள், ரத்தம் எடுத்து மரபணுவும் பார்க்கலாம் என்றார். தௌசீப் பெருமூச்சு விட்டான். நிஷாவுக்கு அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் மட்டும் மனதில் நின்றது.

வெளியே வந்தபோது மாடிப்படியில் வெளிச்சம் குறைவாக இருந்தது. அவள் தயங்கி நின்றாள். எப்போதும்போல பைக்குள் எதையோ தேடுவதாக நடித்து மற்றவர்களை முன்னே போகவிடப் பார்த்தாள். பிறகு பையை மூடினாள்.

"சபா, எனக்குப் படி தெரியல. கையக் குடு."

சபா திரும்பி வந்து கையைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் மெதுவாக இறங்கினார்கள்.